டிரைவரும் குட்டை மட்டையும் சொன்னபடி

எதிரே கைக்கெட்டும் தூரத்தில் குளம். கோல்ஃப் பந்துக்கோ நீச்சல் தெரியாது. “சார், பார்த்து அடிங்க சார்” என்று தணிகாசலத்தைக் கெஞ்சியது.

அவர் கையிலிருந்த நீளமான டிரைவர் மட்டை சொன்னது: “பந்து இடது குதிகாலுக்கு நேரா இருக்கணும். காலை நல்லா அகட்டி வைங்க.”

தோள் பைக்குள்ளிருந்து குட்டை மட்டை கத்தியது: “அடேய் நெட்டை, உளறாதே! பந்து நடுவுல இருக்கணும். சார், காலைச் சேர்த்து வைங்க!”

“அது உனக்குடா குள்ளா! இப்ப அடிக்கப்போறது நானு!”

தணிகாசலம் யார் மனதையும் நோகடிக்காதவர். டிரைவருக்காக ஒரு காலை அகட்டினார். குட்டை மட்டைக்காக இன்னொரு காலைச் சேர்த்தார். அப்படியே ஓங்கி வீசினார். கால்கள் பின்னிக்கொண்டன. மட்டையும் அவருமாகக் குளத்தில் தொப்பென்று விழுந்தார்கள்.

பந்து இருந்த இடத்திலிருந்தே எட்டிப் பார்த்தது.

“அவசரமே இல்ல சார். மெதுவா வாங்க. நான் எங்கேயும் போகல.”