விண்டோஸை அழிக்க மாட்டேன்

“முடியாது மேடம். அழிக்க மாட்டேன்.”

காது மெஷின்களை ட்யூன் செய்து தரும் அக்கா இப்படிச் சொன்னதும் கிளினிக்கின் வரவேற்பறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மேனேஜரிடம் இதுவரை யாரும் இப்படிப் பேசியதில்லை.

“எல்லாக் கிளைக்கும் நான் போட்ட உத்தரவு இது. உனக்கு மட்டும் தனிச் சட்டமா?”

கிளினிக் கம்ப்யூட்டரில் இரண்டு சிஸ்டம். ஆன் செய்ததும் ‘லினக்ஸா, விண்டோஸா?’ என்று கேட்கும். பில், அப்பாயின்ட்மென்ட் எல்லாம் லினக்ஸில். பழைய மாடல் காது மெஷின்களை ட்யூன் செய்கிற சாஃப்ட்வேர் மட்டும் அந்த அரதப்பழசான விண்டோஸில். வேறு எதிலும் அது ஓடாது.

“அந்தப் பழைய விண்டோஸ் வழியா வைரஸ் புகுந்தா பேஷன்ட் விவரம் மொத்தமும் போச்சு. அடுத்த வாரம் வருவேன். ஆன் பண்ணினா நேரா லினக்ஸ் வரணும்.”

“அப்போ பழைய மெஷின் போட்டிருக்கறவங்க?”

“புதுசு வாங்கட்டும். இதைவிடத் தெளிவா கேட்கும்.”

ஓரமாக உட்கார்ந்திருந்த ஸ்கூல் வேன் டிரைவர் எழுந்தார்.

“புதுசு போட்டுப் பார்த்தேம்மா. ஹாரன்தான் கேட்குது. பின்சீட்ல பிள்ளைங்க கூப்பிடறது கேட்கலை. அது கேட்காம நான் எப்படி வண்டி ஓட்டறது?”

“நீங்கதான் பழகிக்க மாட்டேங்கறீங்க. அந்தப் பழசைத் தூக்கிக் குப்பையில போடுங்க!”

மேனேஜர் கிளம்பியதும் வரவேற்பில் இருந்த பெண் முணுமுணுத்தாள். “உங்களுக்கு எதுக்குக்கா இந்த வீம்பு? வேலை போயிடப் போகுது.”

“போனா போகட்டும். அவர் வண்டியில போறது பச்சைப் பிள்ளைங்க.”

வீட்டுக்குப் போனதும் அக்கா கணவரைப் பிடித்தாள். அவர் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்கிறவர்.

“என்னங்க, விண்டோஸை அழிக்கணும். ஆனா விண்டோஸ் இருக்கணும்.”

“வந்ததும் வராததுமா ஆரம்பிச்சுட்டியா?”

விஷயத்தைச் சொன்னாள். அவர் தாடையைத் தடவினார்.

“வழி இருக்கு. அந்த விண்டோஸ் பகுதியை அப்படியே ஒரே ஃபைலா நகல் எடுத்துடலாம். லினக்ஸுக்குள்ளேயே பொய்யா ஒரு கம்ப்யூட்டரை உண்டாக்கி, இதுதான் உன் டிஸ்க்னு அந்த ஃபைலைக் காட்டணும். விண்டோஸ் பாட்டுக்கு அதுல ஓடும். வர்ச்சுவல் மெஷின்னு சொல்வாங்க.”

“ஏமாத்து வேலை இல்லையே?”

“ஏமாறப்போறது விண்டோஸ் மட்டும்தான். உங்க மேனேஜருக்குத் தெரிஞ்சா?”

“நானே சொல்லப்போறேன். எனக்கென்ன பயம்?”

விடுமுறை நாளில் கிளினிக்கைத் திறந்து இருவரும் உட்கார்ந்தார்கள். நகல் எடுத்து முடித்து, ஓடவிட்டால், விண்டோஸ் படுத்துவிட்டால் வருமே, அந்த நீலத்திரை. டிஸ்க்கைப் படிக்கிற சாஃப்ட்வேரை மாற்றினார் கணவர். இப்போது விண்டோஸ் வந்தது; காது மெஷினைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற ட்யூனிங் பெட்டியைத்தான் அதற்குத் தெரியவில்லை. யூ.எஸ்.பி.யை உள்ளே இணைத்துவிட்டதும் அதுவும் சரியானது. கடைசியாக, அந்தப் பொய்க் கம்ப்யூட்டருக்கு நெட் கனெக்‌ஷனைத் துண்டித்தார்.

“இப்போ பழைய பகுதியை அழிச்சுடலாமா?”

“பொறுங்க. முதல்ல ஒரு காதுக்குக் கேட்கட்டும்.”

மறுநாள் டிரைவர் வந்தார். அவருடைய மெஷினை ட்யூன் செய்து மாட்டிவிட்டு, முதுகுக்குப் பின்னால் போய் நின்று, சின்னக் குரலில் சொன்னாள்:

“அங்கிள், என் வாட்டர் பாட்டில் உருண்டு போயிடுச்சு.”

டிரைவர் திரும்பவில்லை. “வண்டி நிக்கட்டும் கண்ணு, எடுத்துத் தர்றேன்” என்றார்.

அதற்குப் பிறகுதான் அவள் விண்டோஸ் பகுதியை அழித்தாள்.

சொன்னபடி மேனேஜர் வந்தார். கம்ப்யூட்டரை ஆன் செய்தார். எந்தக் கேள்வியும் கேட்காமல் நேராக லினக்ஸ் வந்தது.

“அப்பாடா! ஒரு வழியா புத்தி வந்துச்சே.”

“வரலை மேடம்” என்று அக்கா மவுஸைத் தட்டினாள். திரைக்குள் ஒரு சின்னத் திரை விரிந்தது. அதில் அதே பழைய விண்டோஸ்.

“என்ன இது?”

“உங்க உத்தரவுப்படி அந்தப் பகுதியை அழிச்சாச்சு. இது லினக்ஸுக்குள்ள இருக்கற ஒரு ஃபைல். நெட் கிடையாது. வைரஸ் எந்த வழியா வரும்னு நீங்களே சொல்லுங்க. என்னை வேலையை விட்டு அனுப்பணும்னா அனுப்புங்க. ஆனா இதைத் தொட விட மாட்டேன்.”

மேனேஜர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து, இடது காதை மறைத்திருந்த முடியை விலக்கி, மெஷினைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

டிரைவர் போட்டிருந்த அதே பழைய மாடல்.

“ஒரே இரைச்சலா இருக்கு. கொஞ்சம் பார்க்கறீங்களா?”

“நீங்க ஏன் மேடம் புதுசு போடலை?”

“ஆறு மாசம் போட்டேன். தலைவலிதான் மிச்சம்.” குரல் இறங்கியது. “இதை வேற ஒரு கிளையில யாருக்கும் தெரியாம ட்யூன் பண்ணிக்கிட்டு இருந்தேன். போன வாரம் அங்கே விண்டோஸை அழிச்சுட்டாங்க.”

“யார் அழிக்கச் சொன்னது?”

“நான்தான். அவங்க சத்தமில்லாம வெச்சுக்குவாங்கன்னு நெனச்சேன். அவங்க உங்களை மாதிரி இல்லை. சொன்னதைச் செஞ்சுட்டாங்க.”

அக்கா அதைக் கையில் வாங்கவில்லை.

“முதல்ல அதைக் காதுல மாட்டிக்கங்க மேடம். நான் சொல்றது உங்களுக்கு முழுசா கேட்கணும்.”

மேனேஜர் மாட்டிக்கொண்டார். அக்கா மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு டிஸ்க்கை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

“இந்த விண்டோஸோட நகல் இதுல இருக்கு. அந்தக் கிளையிலயும் உங்களை மாதிரி வெளியில சொல்ல முடியாதவங்க இருப்பாங்க. உங்க கையாலேயே கொண்டுபோய்க் கொடுங்க. எல்லாக் கிளைக்கும் உத்தரவை மாத்தி அனுப்புங்க. அப்புறம் வாங்க, உங்க மெஷினைப் பார்க்கறேன்.”