தொண்ணூற்றெட்டு சதவீதம்

"காது கேளாத குழந்தைங்க பேசுறதை இது தொண்ணூத்தெட்டு சதவீதம் புரிஞ்சுக்கும்மா!" என்று கருவியைச் செல்லமாகத் தட்டினார், அதைத் தயாரித்த நிறுவனத்தின் மேலாளர்.

எதிரே ஏழு வயது மகளோடு அம்மா உட்கார்ந்திருந்தாள். இந்தக் கருவி கைகொடுத்தால் மகளைச் சேர்த்துக்கொள்வதாகப் பள்ளியில் சொல்லியிருந்தார்கள்.

"தண்ணி வேணும்," என்றாள் மகள், தன் குழைந்த உச்சரிப்பில். அம்மா பாட்டிலைத் திறந்து நீட்டினாள். திரையோ, 'புரியவில்லை' என்றது.

"இன்னொரு தடவை சொல்லு பாப்பா."

'புரியவில்லை.'

ஆறாவது தடவை மேலாளருக்குப் பொறுமை போய்விட்டது. "என்னம்மா, உங்க பொண்ணுக்குச் சரியாவே பேச வரலையே?"

"வந்திருந்தா இங்க ஏன் சார் வர்றோம்?"

"இங்க பாரு பாப்பா, இப்படிப் பேசணும்!" மூக்கைச் சுருக்கி, நாக்கை மடித்து, மேலாளரே குழறிக் காட்டினார். உடனே திரையில் வந்து விழுந்தது: 'தண்ணீர் வேண்டும்.'

"பாத்தீங்களா!"

அம்மா, கருவியின் பக்கத்தில் நின்ற இளம்பெண் பொறியாளரிடம் திரும்பினாள். "எந்தக் குழந்தைங்க பேச்சை வச்சும்மா இதைப் பழக்குனீங்க?"

பொறியாளர் தலையைச் சொறிந்தாள். "குழந்தைங்களைக் கூட்டிட்டு வர்றது பெரிய தலைவலின்னு, நாலாயிரம் வாக்கியத்தையும் சாரே அப்படிப் பேசிப் பதிவு பண்ணிட்டாரு."

அம்மா பையைத் தோளில் மாட்டினாள்.

"அப்ப சாரையே பள்ளிக்கூடத்துல சேத்துடுங்க. வகுப்புல என் பொண்ணு பக்கத்துல நான் போய் உக்காந்துக்கறேன்."