இதர

காப்பீட்டு முகவர் இரண்டு தாள்களை மேசைமேல் அருகருகே வைத்தார். ஒன்று சின்னத் திட்டம், மற்றது பெரியது.

சின்னதில் திருட்டுக்கும் தீ விபத்துக்கும் மட்டும்தான் பணம் கிடைக்கும். பெரியதில், கை தவறிக் கீழே போட்டாலும், மழையில் நனைந்தாலும், பஸ்ஸில் மறந்து வைத்துவிட்டு இறங்கினாலும் உண்டு என்றார்.

அவள் பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். ஒரு கேமரா. இரண்டு லென்ஸ். இரண்டு ஹார்ட் டிஸ்க். பதினோரு வருடமாகப் படமெடுக்கிறவளின் மொத்தச் சொத்தும் அந்த மேசையின் ஒரு மூலைக்குள் அடங்கிவிட்டது.

இத்தனை நாள் இல்லாமல் இப்போது ஏன் என்று முகவர் கேட்டார்.

போன மாதம் வேலை செய்யும் இடத்தில் ஒரு பெண் மயங்கிச் சாய்ந்தாள், தாங்கிப் பிடிக்கப் போனதில் லென்ஸ் தரையில் விழுந்து உடைந்துவிட்டது என்றாள்.

கல்யாண வீட்டில் பந்தி போடத் தாமதமானால் அப்படித்தான், நாலு பேர் மயங்கத்தான் செய்வார்கள் என்றார் முகவர். முப்பத்தைந்து வயதிருக்கும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதற்கு வேறு ஆளே வேண்டாம், அவர் போதும்.

அவள் சிரித்து வைத்தாள்.

கேமரா வாங்கிய ரசீதைப் பார்த்தவர், இதே கம்பெனியில் பாதி விலைக்குக் கேமரா இருக்கிறதே என்றார்.

படமெடுக்கும்போது இது சத்தம் போடாது என்று சொன்னாள்.

ஹார்ட் டிஸ்க் தொலைந்தால் என்ன ஆகும் என்று அவள் கேட்டாள். புது டிஸ்க் வாங்கிக்கொள்ளப் பணம் வரும், உள்ளே இருந்த படங்கள் போனால் போனதுதான், அதற்கு எந்தக் கம்பெனியும் பொறுப்பேற்காது என்றார். அவளும் அதை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள். அதனால்தான் ஒரே படங்களை இரண்டு டிஸ்க்கில் போட்டு, ஒன்றைத் தன் வீட்டிலும் மற்றதைத் தங்கை வீட்டிலும் வைத்திருந்தாள்; இன்று காட்டுவதற்காக இரண்டையும் எடுத்து வந்திருந்தாள்.

முகவர் படிவத்தை எடுத்து நிரப்ப ஆரம்பித்தார். எந்த வகைப் படம் என்ற இடம் வந்தது. கல்யாணம், விளம்பரம், பத்திரிகை, இதர என்று நான்கு கட்டங்கள்.

இதர என்றாள்.

இதர என்றால் என்னவென்று எழுத வேண்டும் என்றார்.

குழந்தைகள் என்றாள்.

"அப்ப யோசிக்கவே வேணாம் மேடம், பெரிய பிளானே எடுத்துருங்க. குழந்தைங்க சும்மா இருக்குமா? வாரைப் பிடிச்சு இழுக்கும், பாலைக் கொட்டும்."

அவள் படிவத்திலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"நான் எடுக்கிற குழந்தைங்க அசையாதுங்க, சார்."

அவர் கை நின்றுவிட்டது.

விளக்கிச் சொன்னாள். பிறக்கும்போதே இறந்துபோகிற குழந்தைகள். மருத்துவமனையிலிருந்து கூப்பிடுவார்கள். துடைத்து, துணி சுற்றிக் கொடுப்பார்கள். எடுத்துச் செல்லும் முன் இவள் படமெடுத்து வைப்பாள். பெற்றவர்கள் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் மட்டும்.

முகவர் பேனாவை மூடி, திறந்து, மறுபடி மூடினார். பிறகு, எந்த மருத்துவமனை என்று மட்டும் கேட்டார்.

சொன்னாள்.

அந்தப் படங்களை எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள் என்று கேட்டார்.

கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப் பேர் வாங்கவே வருவதில்லை என்றாள். இவளாகக் கூப்பிடவும் மாட்டாள், அழிக்கவும் மாட்டாள். ஏழு வருடம் கழித்து ஒரு தகப்பன் வந்ததுண்டு.

முகவர் எழுந்து போய் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அதே ஆஸ்பத்திரிலதான் என்கிட்டயும் ஒரு நர்ஸம்மா தாளை நீட்டினாங்க, அக்கா. என்னன்னு படிக்காமலே கையெழுத்துப் போட்டுட்டேன். எல்லாம் முடியற வரைக்கும் கீழே வண்டி நிறுத்தற இடத்துலயே நின்னேன். என் சம்சாரத்துக்கு மயக்க மருந்து தெளியவே சாயங்காலம் ஆயிடுச்சு."

அவள் நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்துக்கொண்டாள்.

"அவ இன்னைக்கும் கேக்கறா, மூக்கு யாரு மாதிரி இருந்துச்சுன்னு. உன்னை மாதிரின்னு சொல்லி வச்சிருக்கேன்." பேனாவைக் கீழே வைத்தார். "நான் பாக்கவே இல்லக்கா."

என்றைக்கு என்று கேட்டாள்.

தேதியைச் சொன்னார். நாள், மாதம், வருடம், காலை எத்தனை மணி என்பது வரை.

அவளுக்குத் தன் பதிவு நோட்டைப் புரட்ட வேண்டியிருக்கவில்லை. அன்றைக்கு ஒரே ஒரு குழந்தை. பெண். மஞ்சள் துணி. தலை நிறைய முடி. ஜன்னல் பக்கமாகத் திருப்பிப் பிடித்து ஒன்பது படம் எடுத்திருந்தாள்.

"ரெண்டு பேருமா சேர்ந்து வாங்க தம்பி, எப்ப முடியுதோ அப்ப" என்றாள்.

அவர் தலையசைத்தார். படிவத்தில் குழந்தைகள் என்று எழுதினார். பெரிய திட்டமா சின்னதா என்று கேட்க மறந்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டுவதற்காகக் குனிந்தார்.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

நுனியில் லேசாக மேலே தூக்கிய மூக்கு. அந்த ஒன்பது படங்களிலும் இருந்த அதே மூக்கு; தாயினுடையது இல்லை. அரை மணி நேரமாக எதிரில் உட்கார்ந்து அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.