கட்டைவிரலுக்கு ஓய்வு

"ஐயையோ, தண்ணியைத் தொடாதே!"

மாட்டுக்கொட்டகையிலிருந்து கணவர் போட்ட கூச்சலில் பசுவே மிரண்டு பால் வாளியை உதைத்தது. குழாயடியில் டம்ளர் கழுவக் குனிந்த அவர் மனைவி அப்படியே நின்றாள்.

"ஒரு டம்ளர்தானேங்க."

"ஒண்ணும் வேணாம். போய் உட்காரு. நான் வந்து கழுவுறேன்."

பொண்டாட்டிமேல் இத்தனை கரிசனமா என்று கேட்காதீர்கள், கண்ணுகளா. கரிசனம் எல்லாம் அவள் கட்டைவிரல்மேல்.

விவசாயக் குடும்பத்துக்கு அரசாங்கம் தரும் உதவிப் பணம் அந்த ஊரில் பெண்கள் பேரில்தான் வரும். கைரேகை மெஷினோடு வீடு தேடி வரும் பெண்ணிடம், அந்த மெஷினில் கட்டைவிரலை வைத்தால், அவளே பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுவாள். இந்த முறை மூன்று தடவை வைத்தும் மெஷின் 'கீச்' என்று கத்தியதுதான் மிச்சம்.

"களை பறிச்சு, பாத்திரம் தேய்ச்சு அக்காவுக்கு ரேகையே அழிஞ்சுபோச்சுண்ணே," என்றாள் மெஷின்காரப் பெண். "ரெண்டு வாரம் கையில மண்ணும் படக்கூடாது, தண்ணியும் படக்கூடாது. ரேகை தானா வந்துரும்."

அந்தப் பணம் வந்தால்தான் விதை. மழைக்குள் விதைக்காவிட்டால் வருஷமே போச்சு. விதைக்கடைக்காரருக்கோ, கடன் என்றாலே காது மந்தமாகிவிடும்.

அன்றோடு வீடு தலைகீழானது. பால் கறக்க உட்கார்ந்த கணவருக்குப் பாலைவிட உதைதான் அதிகம் கிடைத்தது. கல்யாணமான நாளிலிருந்து 'ஏய்' என்று மட்டுமே கூப்பிட்ட மாமியார், "அம்மாடி, நீ எழுந்திரிக்காதே" என்று சாப்பாட்டுத் தட்டை நீட்டினார்.

"உன் பொண்டாட்டி விரலு ராசாத்தி விரலுடா," என்று மகனிடம் முணுமுணுத்தார். "என் விரலும்தான் இருக்கு, பல்லு தேய்க்க!"

"சும்மா இரும்மா. முதல்ல விதை வரட்டும்."

மனைவி கட்டிலில் சாய்ந்தாள். கட்டைவிரலை ஒரு தடவை வைத்ததுமே போன் திறந்துகொண்டது. அவள் பார்க்கும் தொடரில் இன்றைக்குத்தான் கல்யாணம் நிற்கப்போகிறது.

ரெண்டு வாரம் கழித்து மெஷின்காரப் பெண் வந்தாள். கணவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். மாமியார் ஓடிவந்து, மருமகளின் விரலைக் குழந்தையின் முகத்தைத் துடைப்பதுபோலத் துடைத்துவிட்டார்.

வைத்தாள். மெஷின் கத்தவில்லை, பச்சை விளக்குக் காட்டியது.

கணவர் பணத்தை வாங்கிய கையையே பார்த்துக்கொண்டு நின்றார். விரலெல்லாம் தோல் உரிந்திருந்தது. "ரெண்டு வாரத்துக்கே என் கை இப்படி ஆயிருச்சு. நீ எப்படித்தான் இத்தனை வருஷமா..." சைக்கிளை எடுத்துக்கொண்டு விதைக்கடைக்குப் பறந்தார்.

"இந்தா, உன் கரண்டி," என்று மருமகள் கையில் திணித்துவிட்டு மாமியார் உள்ளே போனார். போன வேகத்தில் குறட்டை கேட்டது.

மெஷினைப் பையில் போட்ட பெண், வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ரெண்டு வாரம் போதுமாக்கா? இல்ல, அடுத்த தவணைக்கு ஒரு மாசம்னு சொல்லிடட்டுமா?"