உப்புப் பார்க்கும் நாக்கு

"யாருக்குப் புழுன்னு தெரியுதோ, அவங்களை அன்னைக்கே அனுப்பிடணும். இப்பவே சொல்லிட்டேன்!" என்றார் மாஸ்டர்.

மீன் உருண்டை செய்து கடைகளுக்கு அனுப்பும் கூடம் அது. முதலாளி உட்பட, மீனில் கை வைக்கிற எட்டுப் பேரும் மலப் பரிசோதனை செய்தாக வேண்டும் என்று சுகாதார அலுவலகத்திலிருந்து உத்தரவு. ஆளுக்கொரு டப்பா கொடுத்தாகிவிட்டது. முடிவு இன்று வருகிறது.

மாஸ்டரின் பார்வை மூலையில் மீன் செதில் சுரண்டிக்கொண்டிருந்த பெண் மேல் போனது. வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான். அதற்குள் எல்லாருக்கும் 'செதிலக்கா' ஆகிவிட்டாள். அவளுடைய டம்ளரை மாஸ்டர் நேற்றே ஜன்னலோரம் தனியாக வைத்துவிட்டார்.

"ஏன் மாஸ்டர், என் மூஞ்சியில புழு நெளியுதா?"

"நெளிஞ்ச பிறகு பார்த்து என்னம்மா பிரயோஜனம்?"

அவளுடைய கத்தி வேகம் பிடித்தது. வீட்டில் இரண்டு பிள்ளைகள். இந்த வேலை போனால் அடுப்பு எரியாது.

மாஸ்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அரைத்த மீன் கலவையை விரல் நுனியில் எடுத்து நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார்.

"இன்னும் அரைச் சிட்டிகை."

உப்பைப் போட்டுப் பிசைந்து, மறுபடி நாக்கில் வைத்தார். தலையாட்டினார். இருபது வருஷமாக அந்த நாக்கு சொன்னால் சொன்னதுதான்.

முதலாளியம்மா கவரோடு உள்ளே வந்தார். தலையில் மீன் கூடை சுமந்து, சண்டை போட்டு மேலே வந்த பெண்மணி. "எட்டு டப்பா தர்றேன், ஒண்ணை இனாமாப் பாருங்க" என்று லேபிலேயே பேரம் பேசியவர்.

கவரைப் பிரித்தார். படித்தார். மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

"ஒருத்தருக்கு இருக்கு. நாடாப்புழுவாம். வேகாத மீன் வயித்துக்குள்ள போனா வர்றது. பக்கத்துல நின்னா ஒட்டிக்காது. மாத்திரை போட்டா ஒழிஞ்சுடும்."

"யாருக்கும்மா? பேரைச் சொல்லுங்க. இன்னைக்கே அனுப்பிடலாம்" என்றார் மாஸ்டர்.

செதிலக்காவின் கத்தி நின்றது.

முதலாளியம்மா எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"எனக்குத்தான். என்ன மாஸ்டர், என்னை எப்ப அனுப்பறீங்க?"

யாரோ இருமினார்கள். மாஸ்டர் கலவையைத் தேவையில்லாமல் பிசைந்தார்.

"டாக்டர் எல்லாரையுமே மாத்திரை போடச் சொல்லிட்டார். இந்தாங்க." முதல் ஆளாகத் தானே விழுங்கினார் முதலாளியம்மா. "இன்னொண்ணு. இனிமே பச்சைக் கலவையை ஒருத்தரும் வாயில வைக்கக் கூடாது. உப்பைத் தராசுல நிறுத்துப் போடுங்க. ருசி பார்க்கணும்னா ஒரு உருண்டையை வேகவெச்சுப் பாருங்க."

"அம்மா, இருபது வருஷ நாக்கும்மா இது!"

"நாக்கு பத்திரமா உங்க வாய்க்குள்ளயே இருக்கட்டும். இங்க தராசு போதும்!"

அவர் போனதும் மாஸ்டர் பொரிந்து தள்ளினார்.

"சந்தையில பேரம் பேசிப் பேசிக் கழிசலையெல்லாம் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனா புழு வராம என்ன செய்யும்? இவங்க வயித்துல புழுவாம், என் வாய்க்குப் பூட்டாம்!"

"எனக்கோன்னு பயந்தே போயிட்டேன் மாஸ்டர்" என்றாள் செதிலக்கா.

மாஸ்டர் அவளுடைய டம்ளரை எடுத்து வந்து பழைய இடத்தில் வைத்தார். முதலாளியம்மாவின் டம்ளரைக் கொண்டுபோய் ஜன்னலோரம் வைத்தார்.

முதலாளியம்மா அதைப் பார்த்தார். ஜன்னலோரம் போய் நின்றே தண்ணீர் குடித்தார். மறுநாளும் அப்படித்தான்.

ஒரு மாதம் கழித்து ஒரு டப்பாவை நீட்டினார்.

"மாஸ்டர், ஒருத்தரோடதை மட்டும் மறுபடி பார்க்கணுமாம். நீங்கதானே இங்க பெரியவர், உங்களோடதைக் குடுத்துட்டு வந்துடுங்க."

மாஸ்டருக்குப் பெருமை. பின்னே, கூடத்தின் சார்பாக யார் போவது?

மறுநாள் காலையில் டப்பாவோடு லேபுக்குப் போனார். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் கூடத்தின் பெயரைக் கேட்டு நோட்டைப் புரட்டினாள்.

"நல்லாப் பார்த்துச் சொல்லும்மா. என்னுது சுத்தமான வயிறு" என்றவர், குரலைத் தாழ்த்தினார். "எங்க முதலாளியம்மா வந்துட்டுப் போயிட்டாங்களா? அவங்களுக்குத்தானே அந்தப் புழு?"

அவள் நோட்டிலிருந்து நிமிர்ந்தாள்.

"அவங்க எதுக்கு சார் வரணும்? புழு இருந்தவங்களை மட்டும்தான் மறுபடி கூப்பிடுவோம்" என்று சொல்லி, அவர் கையிலிருந்த டப்பாவை வாங்கிக்கொண்டாள்.