டூட்டி லிஸ்ட்

"ஸ்டாஃப் நர்ஸ் ஒருத்தர்கூட வரவில்லை. வார்டில் நாற்பது நோயாளிகள். நீதான் பொறுப்பு. டூட்டி லிஸ்ட் போடு."

திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரி ஒன்றைச் சேர்ந்த நர்சிங் கல்லூரியில், பொம்மை நோயாளிகள் படுத்திருந்த மாதிரி வார்டில், பிரின்சிபல் சூடாமணி கேள்வியைப் படித்தாள். இறுதியாண்டு மாணவிகளுக்கு நிர்வாகப் பயிற்சி.

எல்லோரும் தோழிகளின் பெயர்களை நிரப்பிக் கொடுத்தார்கள். ஜானவியின் தாளைப் பார்த்ததும் சூடாமணியின் முகம் சிவந்தது.

"எந்தா இது? காலை ஷிஃப்டுக்கு என் பேரா?"

"ஆமா மேடம். நர்ஸ் ரெஜிஸ்ட்ரேஷன் உள்ளவா இங்க நீங்களும் டீச்சர்களும்தானே? ஸ்டூடன்ட்ஸைத் தனியா டூட்டிக்கு விடப்படாது."

"இது வெறும் பயிற்சி, கேட்டியா? எல்லாரையும் போல எழுதிக் கையெழுத்துப் போடு."

ஜானவி பேனாவை மூடி வைத்தாள்.

"மாட்டேன் மேடம்."

"மார்க் கிடையாது!"

"வேண்டாம்."

"விளையாடறியா? நாளைக்குக் காலம்பற ஏழு மணிக்கு எனக்கு ஆஸ்பத்திரி வார்டுல ஆள் வேணும்!"

சொன்ன பிறகுதான் சூடாமணி நாக்கைக் கடித்துக்கொண்டாள். மாணவிகள் திகைத்துப்போய் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருத்தியாக மேசைக்குப் போய்த் தன் தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

ஜானவி மட்டும் திடுக்கிடவில்லை.

"உனக்கு முன்னமே அறியுமோ?" சூடாமணியின் குரல் இறங்கியிருந்தது.

"நாளைக்கு ஸ்ட்ரைக்னு உங்க கையில நோட்டீஸ் தந்தாளே, ஏழாம் வார்டு ஸ்டாஃப் நர்ஸ்... அவ என் அம்மாவாக்கும், மேடம்."