கலியாண வீட்டுப் பகிடி

மகளின் கலியாண வீட்டில் கனடா மச்சான் கேதீஸ் விட்ட பகிடிக்குச் சபையே விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து நித்தியானந்தன் கறுவிக்கொண்டிருந்தார்.

பேஸ்போல் சீசன் தொடங்க இருந்த வாரம், லண்டன் குட்மேய்ஸ் வீட்டில் டெலிபோன் கார்டைச் சுரண்டி டொரோண்டோவுக்குப் போன் எடுத்தார்.

“மச்சான், இந்த முறை உங்கட டொரோண்டோ டீம்தான் சாம்பியன்!”

பக்கத்தில் நின்ற மனைவி சுவர்ணாவுக்குக் கண் கலங்கியது. “என்ர தம்பியில இருந்த கோபம் ஆறிட்டுதோ?”

மறுமுனையில் கேதீஸ் அலறினான். “ஐயோ அத்தான், உங்கட கால்ல விழுறன்! வேற டீமைச் சொல்லுங்கோ!”

“சொன்னது சொன்னதுதான்.” நித்தியானந்தன் போனை வைத்தார்.

அன்று கேதீஸ் விட்ட பகிடி இதுதான்: “அத்தான் வெல்லும் எண்டு சொன்ன எந்த டீமும் உருப்பட்டதே இல்லை!”